என்ன சைஸில் பிரிண்ட் போடலாம், மாப்ளே?

டர்பன்,
ஆடி 12

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்த பிறகு வெள்ளை நிஜமாகவே வெள்ளையாகத் தெரிகிறது, நீலம் கண்ணைப் பறிக்கிறது, இத்தனை வருஷமும் மஞ்சள் கண்ணாடி வழியாகவா கல்யாண ஆல்பத்துக்கு கலர் பார்த்தேன் என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தை உன் தங்கச்சிக்கும் படித்துக் காட்டினேன். இடது கண்ணைத் தள்ளிப்போடாதே. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. மறந்தால் என் தங்கச்சி உன்னை விரட்டட்டும், நான் அவள் பக்கம்தான்.

கையில் படம் இல்லாமல் உனக்கு எழுத எனக்கு வராது. இப்போது படம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஆக்ராபீஸ் அருவிக்குப் போய் வந்தோம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலை, நமீபியா எல்லைக்குக் கிட்டத்தில், பாதிப் பாலைவனம். அங்கே ஆரஞ்சு ஆறு திடீரென்று கல்லைப் பிளந்துகொண்டு பாதாளத்தில் இறங்குகிறது. குதிரைமொழித் தேரியில் அந்தச் சிவப்பு மணல் மேட்டில் ஒரே பென்டாக்ஸ் கேமராவை மாற்றி மாற்றிப் பிடித்தோமே, 36 படத்தில் ஆளுக்கு 18 என்று கணக்கு வைத்து, அன்றிலிருந்து எனக்கு இப்படி ஓர் இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. டர்பனுக்கு வந்து 15 வருஷம் கழித்து வாய்த்தது.

டர்பனிலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். காரில் நான், உன் தங்கச்சி, மூத்தவள், சின்னவன், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு 71 வயது. முதல் நாள் இரவே ரொட்டியில் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டி, அவித்த முட்டை, பிளாஸ்கில் டீ எல்லாம் கட்டிவிட்டார். வழிச்சோற்றுக்கு இங்கே எல்லோரும் ஆப்பிரிக்கான்ஸ் வார்த்தையில் 'பட்கோஸ்' என்பார்கள். வழி முழுக்க நல்ல கடைகள் இருக்கின்றன அத்தை, எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "எங்க அப்பா காலத்துல நமக்குக் கடை ஏது? கட்டிக்கிட்டுதான் போகணும். எனக்கு அந்தப் பழக்கம் போகாது" என்றார்.

அந்தப் பேச்சு ஃப்ரீ ஸ்டேட் எல்லையைத் தாண்டியதும் தொடர்ந்தது. உனக்கு இது தெரிந்திருக்காது. 1891-ல் போட்ட ஒரு சட்டத்தால் அந்த மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது. வழியாகக் கடந்து போகலாம், தங்கக் கூடாது. அந்தத் தடை 1986 வரை இருந்தது. கிம்பர்லியில் அத்தைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்கு அப்பா இரவு முழுக்க வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாராம். தூக்கம் வந்தபோது ஜன்னலைத் திறந்து முகத்தில் காற்று வாங்கினாராம். பின் சீட்டில் அம்மாவும் மூன்று பெண்களும் ஒரே கம்பளிக்குள். "விடிஞ்சு பாத்தா ஊரே மாறிப்போயிருந்துச்சு" என்றார் அத்தை.

நாங்கள் முதல் நாள் இரவு புளூம்ஃபொண்டைனில் தங்கினோம். ஃப்ரீ ஸ்டேட்டின் தலைநகரம். சாதாரண விடுதிதான், மரக்கட்டை தொங்கும் சாவி. அத்தை அதைக் கையில் வாங்கி, எண்ணைப் பார்த்து, மறுபடி திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "தம்பி, ஒரு படம் எடுப்பா" என்றார். தானாகப் படம் கேட்கிற ஆளே இல்லை அவர். கதவு முன்னால் நின்று, சாவி தெரிகிற மாதிரி மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டார். தாழ்வாரத்தில் ஒரே ஒரு டியூப்லைட். அந்தப் பச்சை வெளிச்சத்தை நான் இன்னும் சரிசெய்யவில்லை. நீதான் சொல்ல வேண்டும், சரிசெய்யலாமா, அப்படியே விடலாமா என்று.

மறுநாள் கிம்பர்லி, அப்பிங்டன். ஒரே நேர் ரோடு, சொல்ல அதிகம் இல்லை. ககாமாஸ் பக்கம் மட்டும் நிறுத்தினோம். ஆற்றோரம் ஒரு பட்டையாகத் திராட்சைத் தோட்டம். குளிர்காலம் என்பதால் இலை உதிர்ந்து கம்பியில் வெறும் கொடி. அதைத் தாண்டி ஒரு கல் எறிந்தால் பாலைவனம். வாய்க்காலில் பழைய நீர்ச்சக்கரம் இன்னமும் சுற்றித் தண்ணீர் இறைக்கிறது. உன் அப்பா கமலை இறைத்த கதையை அங்கே பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அருவி 56 மீட்டர் விழுகிறது, நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தைவிடச் சற்றே குறைவு. அதற்குக் கீழே 18 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கு. ஆழமான இடத்தில் 240 மீட்டர், மூன்றரை விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தலாம். நூறு கோடி வருஷத்துக்கு முந்தைய கல் என்கிறார்கள். காய்ந்துபோன ரோஜாப்பூ நிறம். தண்ணீர் தேய்த்துத் தேய்த்து ஆட்டுக்கல்லின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. அந்த மண்ணின் பழைய குடிகளான கோய் மக்கள் வைத்த பெயருக்குப் பெருஞ்சத்தம் எழும் இடம் என்று அர்த்தமாம். காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம்தான் முதலில் வந்து இறங்கியது. ஆற்றுக்கு ஆரஞ்சு என்று பெயர் வந்தது நிறத்தால் அல்ல. 1779-ல் கார்டன் என்ற டச்சுப் படைத் தளபதி தன் நாட்டு ஆரஞ்சு அரச குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். அதற்கும் முன்னால் அது காரீப், பெரிய ஆறு.

முதல் நாள் எடுத்தது ஒன்றும் தேறவில்லை. மத்தியானம் போய்ச் சேர்ந்தோம், ஆசை தாங்காமல் உடனே எடுத்தேன். இதற்கென்றே டர்பனில் ஒரு கடையில் அகலக் கோண லென்ஸ் வாடகைக்கு எடுத்திருந்தேன். இரவு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் படத்தின் இடது ஓரம் முழுக்க மங்கல், உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. பணம் போனதைவிட, கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டிச் சோதித்திருக்கலாமே என்றுதான் மனது அடித்துக்கொண்டது. ஆனால் லென்ஸ் நன்றாக இருந்திருந்தாலும் அந்தப் படங்கள் தேறியிருக்காது மாப்ளே. அகலக் கோணம் எதிர்ச்சுவரைத் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நேரில் தலை சுற்ற வைக்கிற பள்ளம் படத்தில் ஊர் வாய்க்கால் மாதிரி கிடக்கிறது. எதிர்ச்சுவர் முழுக்க ஒரே தட்டை நிழல், வெயிலும் நிழலும் மாறி மாறி விழாத இடத்தில் ஆழம் எங்கிருந்து வரும்? மணலை எடுக்காதே, மணல் மேல் விழுகிற நிழலை எடு என்று தேரியில் நீ சொன்னாயே, அந்த இரவு அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அன்றே வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். விடியலும் அந்தியும் எனக்கு, நடுப்பகல் முழுக்க அவர்களுக்கு. நடுப்பகலில் கேமராவைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன்.

விடியலில் இன்னொரு பாடம். டர்பனில் ஜூலையில் ஏழு மணிக்கு முன்னால் சூரியன் வந்துவிடும். அந்தக் கணக்கில் ஆறு மணிக்கே போய் நின்றேன். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம், ஆனால் ஆக்ராபீஸ் டர்பனுக்கு வெகு மேற்கே இருக்கிறது. சூரியன் அங்கே முக்கால் மணி நேரம் தாமதம். தண்ணீர் உறைகிற குளிர், விரல் மரத்துப்போய் ஷட்டர் பட்டன் எங்கே என்றே தெரியவில்லை. மூத்தவள் கூட வந்திருந்தாள். என் ஜாக்கெட் பைக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு, "அப்பா, இங்கே சூரியன் வருமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

அப்புறம் திசை. இது பூமத்திய ரேகைக்குத் தெற்கே அவ்வளவு தூரத்தில் இருக்கிற இடம், மத்தியானத்தில் சூரியன் எப்போதும் வடக்கு வானில்தான் நிற்கும். அதுவும் குளிர்காலத்தில் தாழ்வாக. பார்வை இடங்கள் எல்லாம் தென்கரையில். அங்கே நின்று எதிரே பார்த்தால் வடகரைச் சுவர், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்க நிழலில். ஊரில் கற்ற வெளிச்சக் கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டியிருந்தது. முதலில் இதை நினைத்து நொந்துபோனேன். நிழலான சுவரை என்ன எடுப்பது?

இரண்டாம் நாள் சாயங்காலம் விளங்கியது. நாம் நிற்கிற தென்சுவரில் வெயில் நேராக அடிக்கிறது. அந்த வெயில் பட்டுத் தெறித்து எதிர்ச்சுவரின் நிழலுக்குள் போகிறது. போகும்போது கல்லின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஸ்டுடியோவில் கஸ்டமர் முகத்துக்கு நீ தெர்மகோல் பலகை பிடிப்பாயே, அதேதான், பலகை மட்டும் 200 மீட்டர் உயரம், செம்பு நிறம். நிழலில் இருக்கும் சுவர் உள்ளிருந்து கனல்வது போலத் தெரிகிறது. அதே சுவரில் வானத்தை மட்டும் பார்க்கிற மேடுகள் நீலமாக இருக்கின்றன. ஒரே நிழலுக்குள் இரண்டு நிறம். வெயில் பட்ட கல்லை எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நிழல்தான் வேண்டியிருந்தது.

நடுப்பகல்கள் நன்றாகப் போயின. நிலாப்பாறை என்று ஒரு பெரிய மொட்டைப் பாறை, திமிங்கிலம் முதுகைத் தூக்கிப் படுத்திருப்பது போல. மேல் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பெயர்ந்து கிடக்கிறது. அதில் தட்டினால் வெண்கலப் பானை மாதிரி ஒலிக்கிறது என்று சின்னவன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே ஏறினான். அவனிடம் என் பழைய சின்னக் கேமராவைக் கொடுத்திருந்தேன். பள்ளத்தாக்கை அவன் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எல்லாம் பல்லி. அருவியோரப் பாறைகளில் அந்தப் பகுதிக்கே உரிய தட்டைப் பல்லிகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கல் வெடிப்புக்குள் நுழைவதற்கென்றே உடம்பு காகிதம் போலத் தட்டை. ஆணுக்குத் தலைப்பக்கம் நீலம், முன்னங்கால் மஞ்சள். வெயில் ஏறியதும் வெளியே வந்து, ஆற்றின் மேல் மொய்க்கும் கறுப்பு ஈக்களைத் துள்ளிப் பிடிக்கின்றன. சின்னவன் பாறையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, 40 நிமிஷம் காத்திருந்து ஒன்றைத் துள்ளும் நேரத்தில் பிடித்துவிட்டான். வால் மட்டும் கல்லைத் தொடுகிறது, மற்ற உடம்பெல்லாம் காற்றில். என் படங்களோடு அதையும் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு அவனுக்குத் தனியாக நாலு வரி எழுது.

கோக்கர்பூம் என்று ஒரு மரம். மரம் என்கிறோம், உண்மையில் கற்றாழை இனம். கிளை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து பிரிந்து குடை மாதிரி விரியும். சான் வேடர்கள் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தார்கள், அதனால் அந்தப் பெயர். நாங்கள் போனபோது மஞ்சள் பூ. அடிமரப் பட்டை பொன்னிறத்தில் வெடித்து, விளிம்பு கத்தி போல இருக்கும், கையை வைத்தால் கீறிவிடும். சொட்டுத் தண்ணீருக்கு வழியில்லாத பாறை இடுக்கில் எப்படித்தான் பூத்து நிற்கிறதோ.

கடைசிச் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

அராராத் என்று ஒரு பார்வை இடம். பள்ளத்தாக்கின் விளிம்பு. ஆறு கீழே பச்சை நூலாக ஓடுகிறது, அருவிச் சத்தம் அங்கே கேட்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் ரீம்வாஸ்மாக் என்று ஊர். அங்கிருந்த மக்களை 1970களில் நிறவெறி அரசாங்கம் வெளியேற்றி, சிலரை நமீபியாவுக்கும் சிலரைக் கிழக்கு கேப் பக்கமும் கொண்டுபோய்க் கொட்டியது. 1990களில் நிலம் திரும்பக் கிடைத்துப் பலர் வந்துவிட்டார்கள். இதை நான் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பிறந்தது டர்பன் மேகசின் பேரக்ஸில். நகராட்சி வேலைக்கு வந்த நம்மவர்கள், பெரும்பாலும் தமிழர்கள், வரிசை வரிசையாக வாழ்ந்த குடியிருப்பு. 1960களில் அதைக் காலி செய்து எல்லோரையும் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். "இவங்களுக்காவது திரும்பி வர ஒரு இடம் இருந்துச்சே" என்றார்.

பிறகு, "இந்தத் தண்ணி எங்கேருந்துப்பா வருது?" என்று கேட்டார். லெசோத்தோ மலையிலிருந்து என்றேன். நம் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் இருக்கிறதே, அதன் முதுகுப்பக்கம் பெய்கிற மழை இப்படி மேற்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து அட்லாண்டிக்கில் சேருகிறது. முன்பக்கம் பெய்கிற மழைதான் டர்பன் பக்கம் வருகிறது. அத்தை மெதுவாகத் தலையாட்டினார். "அப்போ நம்ம மலைத் தண்ணிதான்."

நான் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு விளிம்போரமாக நூற்றைம்பது தப்படி தள்ளிப் போனேன். வாடகை லென்ஸைப் பையிலேயே வைத்துவிட்டு என் பழைய 18-55 லென்ஸை மாட்டினேன். 24 மில்லிமீட்டரில் சட்டம் சரியாக அமைந்தது: இடது பக்கம் கனலும் நிழல்சுவர், நடுவில் ஆறு, வலது பக்கம் விளிம்பில் கடைசி வெயில். எல்லாம் இருந்தது, ஆனால் எவ்வளவு பெரிது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அத்தை கம்பித் தடுப்புப் பக்கம் நடந்து வந்து சட்டத்துக்குள் நின்றார், குங்குமச் சிவப்புச் சால்வையோடு. உடனே பள்ளம் பள்ளமாகிவிட்டது. என் வயிற்றில் ஒரு குளிர் இறங்கியது, நிஜமாகவே. கூப்பிட்டு நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

பிலிம் காலத்தில் நிழலுக்கு அளந்து எடு என்பாய். டிஜிட்டலில் தலைகீழ், வெளிச்சம் ஒரு தரம் வெந்துபோனால் திரும்ப வராது. அதனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒட்டலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் அத்தை இரண்டு பேராகத் தெரிகிறார். மூன்று கிளிக்குக்கு நடுவில் அசைந்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் என்ன அசைவு என்று தெரிந்தது. முதல் படத்தில் கைகள் தொங்குகின்றன, இரண்டாவதில் மேலே வருகின்றன, மூன்றாவதில் கூப்பியிருக்கின்றன. ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். நான் அங்கே நின்றபோது அதைக் கவனிக்கவே இல்லை, வியூஃபைண்டரில் அவர் ஒரு சிவப்புப் புள்ளிதான். வழியில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒட்டியதை அழித்துவிட்டு மூன்றாவது படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றில் அதுதான் இருட்டானது. நிழலைத் தூக்கினால் நீலத்தில் கொஞ்சம் பொரி மாதிரிப் புள்ளி வருகிறது. வந்தால் வரட்டும்.

இங்கே ஆடி பிறந்தாயிற்று, கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அத்தை அந்த வேலையில் மும்முரம். எங்கள் தெருவுக்கு அவர்தான் கேழ்வரகு கரைக்கிறார். பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார், போகிறோம்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன், நசுக்கிவிடும். மூலக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு, அடுத்த மாதம் தூத்துக்குடி வருகிற என் சிநேகிதரிடம் கொடுத்து விடுகிறேன். அவரே ஸ்டுடியோவுக்கு வந்து உன் கையில் தருவார். மொத்தம் மூன்று: சாவிப் படம், சின்னவன் பல்லி, அராராத். முதல் இரண்டும் 8க்கு 12 அங்குலம் போதும். அராராத்தை மேட் பேப்பரில் போடு, பளபளப்பு வேண்டாம், அந்த நிழலில் ஜன்னல் தெரியக் கூடாது. நீலம் கூடுதலா குறைவா என்று உன் புதுக் கண்ணால் பார்த்து நீயே முடிவு பண்ணு, என் மானிட்டரை நான் நம்பவில்லை.

சைஸ்தான் எனக்குப் பிடிபடவில்லை. 12க்கு 18 போட்டால் படம் கச்சிதமாக, கூர்மையாக இருக்கும், ஆனால் அத்தை ஓர் அரிசி அளவுதான். 20க்கு 30 போனால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வருவார், அங்கே பிக்சல் உடையத் தொடங்கும். வெட்டிக் கிட்டத்தில் கொண்டுவர எனக்கு மனமில்லை, வெட்டினால் பள்ளம் போய்விடும். ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார். அத்தை நிற்கிற இடத்தை மட்டும் இரண்டு அளவிலும் போட்டு, கை நீட்டுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்: எந்த சைஸில் அந்தக் கூப்பிய கை தெரிகிறது?

பதிலைச் சீக்கிரம் போடு. என் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய டார்க்ரூம் கூட்டாளி